ஆல்பர்ட் சார் கிட்டாரில் நான் சேர்த்த ஒயர்

எலக்ட்ரிக் கிட்டாரைச் சேர்த்து வைத்து, பிரித்து, உள்ளே இருப்பதை மாற்றிப் பூட்டுகிற பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால், ஆயுள் முழுக்க வீட்டாரிடம் அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நல்லாத்தானே இருந்துச்சு, அதை எதுக்குப் பிரிச்சே?"

உங்கள் வீட்டிலும் இதைக் கேட்டிருப்பார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். என் பெயர் சாந்தாமணி. அருவங்காட்டில் வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் குணசேகரனுக்கு ஃபேக்டரியில் வேலை. கட்டிலுக்கு அடியில் நான்கு, பீரோ மேல் மூன்று என்று என்னிடம் ஏழு கிட்டார்கள் இருக்கின்றன. எனக்கு வாசிக்க வராது. வாசிக்கத் தெரியாதவளுக்கு ஏழு எதற்கு என்று கேட்பவர்களிடம், தபால்தலை சேர்க்கிறவர்கள் எல்லாரும் கடிதமா எழுதுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டுவிடுவேன்.

தண்ணி வருமா?

கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தேன். எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்கள் வரும். கருகின செம்பு ஒயரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்போம். மலைக்கு வந்தபிறகு கைக்கு அந்த வேலை இல்லை. பல வருஷம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிச் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது, கழித்துக்கட்டிய சாமான்களோடு சத்தம் வராத எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றையும் வாசலில் போட்டிருந்தார். கேட்டு வாங்கி வந்து மூடியைக் கழற்றினேன். கம்பிகளுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு சுருள். பிக்கப் என்பது அதுதான். கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது. காந்தத்தைச் சுற்றிச் செம்பு ஒயர். மோட்டாரில் நான் பார்த்ததேதான். ஒயர் மட்டும் தலைமுடியைவிட மெல்லிசு.

தையல் மெஷினில் பாபின் சுற்றுகிற சக்கரத்தில் அதை மாட்டி, புது ஒயரை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். இழுத்தால் அறுந்துவிடும், தளரவிட்டால் சரிந்துவிடும். முதல் தடவை பாதியில் அறுந்தது. இரண்டாம் தடவை குக்கர் விசில் அடித்தது, கை ஆடியது, அறுந்தது. மூன்றாம் தடவை அடுப்பை அணைத்து, கதவைச் சாத்தி, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன். கடைசிச் சுற்றை முடித்து மீட்டரை வைத்தபோது முள் அசைந்தது. ஓடிப்போய் வீட்டுக்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்புள்ள, இதைச் சுத்தி முடிச்சா தண்ணி வருமா, மாவு அரைக்குமா?"

நாடுகாணிச் சேட்டன்

அதற்குப் பிறகு எங்கே பழைய கிட்டார் கிடக்கிறது என்று கேள்விப்பட்டாலும் எனக்குக் கால் நிற்காது. கிளென்மார்கன் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் கரையான் அரித்தது ஒன்று கிடைத்தது. கூடலூர் தாண்டி நாடுகாணியில் ஒரு மலையாளி டீக்கடைக்காரர் வீட்டுப் பரணில் சிவப்புக் கிட்டார் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன். வளைகுடாவில் இருக்கும் அவருடைய தம்பியின் கிட்டார். மழைக்கால ஈரத்தில் கழுத்துப் பகுதி வில்லாக வளைந்திருந்தது. "இதை நிவர்த்தித் தந்தா எடுத்துக்கோ. ஆனா என் கண் முன்னால செய்யணும்," என்றார் சேட்டன்.

கிட்டார் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடும். நுனியில் இருக்கும் நட்டைத் திருகினால் வளைவு நிமிரும். கூடுதலாகத் திருகினால் தண்டு உள்ளேயே முறிந்துவிடும், பிறகு அது விறகுதான். பெஞ்சில் படுக்கவைத்துக் கால் திருகு திருகிவிட்டுக் காத்திருந்தேன். இன்னொரு கால். டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி சுற்றி நின்றார்கள். மூன்றாவது கால் திருகில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். என் கை அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்குப் பார்த்தேன். நேராக இருந்தது. ஈரத்தில் ஒட்டிக்கிடந்த நட்டு விட்டுக்கொடுத்த சத்தம்தான் அது. சேட்டன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எடுத்துக்கோ சேச்சி. பக்ஷே, இனி இதைத் திரும்பக் கொண்டு வரண்டா."

கண்ணைத் திறக்காதவர்

ஆல்பர்ட் சார் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். அவருடைய மனைவி ரீட்டா கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்த நீலக் கிட்டார் அது. எப்போதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறது என்று போன ஆடி மழையில் என் வீடு தேடி வந்தார். "அக்கா, ஜெபம் பண்றப்பக்கூட இது பாட்டுக்கு முனகிட்டே இருக்குதுங்க," என்றார். இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருளாகச் சுற்றிப் போடலாம் என்றேன். ஆனால் மரத்தில் இருந்த குழி சின்னது. உளி வைத்து அகலப்படுத்த வேண்டும்.

கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் நீலப் பெயிண்ட். உளி ஒரு நூல் விலகினால் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும், பிறகு எந்தப் பெயிண்டராலும் அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஓரம் முழுக்க டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, உளியை வைத்துச் சுத்தியலால் முதல் தட்டு தட்டினேன். ஆல்பர்ட் சார் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை உளி வழுக்கி டேப்பைக் கிழித்தது. டேப்பை உரித்துப் பார்த்தேன். நல்லவேளை, பெயிண்டில் கீறல் இல்லை. சுருளை உள்ளே வைத்து, விட்டுப்போயிருந்த ஒரு ஒயரையும் சேர்த்து, ஈயம் உருக்கிச் சால்டர் பற்றவைத்து, மூடித் திருகிவிட்டு வெளியே வந்து பார்த்தால், தூறலில் மேரக்காய்ப் பந்தலுக்கு அடியில் முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. "ஏனுங்க அக்கா, முடிஞ்சுதுங்களா? நான் இன்னும் கண்ணைத் தொறக்கலைங்க."

முதுகில் என்ன?

பெயிண்ட் ஓரத்தை மெருகு போட்டுக் கொடுக்க இன்னும் சில நாள் ஆனது. அந்த வியாழக்கிழமை பெருங்காற்று. குன்னூரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் கற்பூர மரம் ஒன்று விழுந்து கரண்ட் லைன் அறுந்துபோனது. வெள்ளிக்கிழமை மழை கொஞ்சம் விட்டதும் கிட்டாரைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஆல்பர்ட் சார் வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். மூன்று மணிக்கே பனி இறங்கி எதிரே பத்தடிதான் தெரிந்தது. பாதை திரும்புகிற இடத்தில் கறுப்பாக ஒரு பாறை. போன மாதம் இங்கே பாறை இல்லையே என்று நினைத்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தேன். பாறை மூச்சு விட்டது.

காட்டுமாடு. கொம்பை இறக்கி என்னையே பார்த்தது. திரும்பி ஓடினால் விரட்டும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்படியே நின்றேன். அந்த நேரம் பார்த்து என் கைப்பையில் போன் அடித்தது. அது தலையைத் தூக்கி ஒரு காலை முன்னே வைத்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. என் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கிட்டாரின் கழுத்து அதற்கு மூன்றாவது கொம்பாகத் தெரிந்ததோ என்னவோ, இன்னும் ஓர் அடி முன்னே வந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மேலே செடிகளுக்குள்ளிருந்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "அசையாம நில்லு புள்ள. அது உன்னையப் பாக்கல, ஒம் முதுகுல இருக்கறதத்தான் பாக்குது."

ஞாயிறு காலை

கடைசியில் அது தன் வழியில் இறங்கிப் போனது. நானும் கிட்டாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இல்லாததால் ஆல்பர்ட் சார் சும்மா வாசித்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஞாயிறு காலை பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. இரைச்சல் போய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்தேன். பேசியது ரீட்டா.

நடந்தது இதுதான். முதல் பாட்டுக்கு ஆல்பர்ட் சார் கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் போயிருக்கிறார். இடது கை கம்பிகளைப் பிடித்திருந்தது. பாட வாயைத் திறந்ததும் உதடு மைக்கில் பட்டிருக்கிறது. மறு நொடி உடம்பு விறைத்து, கையும் விடாமல் வாயும் விடாமல் அப்படியே நின்றிருக்கிறார். பாட்டு உணர்ச்சி என்று முன்வரிசையில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். கீபோர்டு வாசித்த பெண் அலறியபிறகுதான் யாரோ ஓடிவந்து ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். மேடைப் படியில் உதடு கிழிய விழுந்தவருக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். ரீட்டா அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அக்கா, அதுக்குள்ள நீங்க என்னத்த மாத்துனீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

புதுசாக வந்தது

சுருளை மாற்றினேன், விட்டுப்போயிருந்த ஒரு ஒயரைச் சேர்த்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை என்று ரீட்டாவிடம் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. மறுநாள் சர்ச்சுக்குப் போனேன். செயலாளர் தேவசகாயம் ஐயா இருந்தார். ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த ஹாலுக்கு ஒயரிங் முழுக்கக் கூலி வாங்காமல் அவர் செய்து கொடுத்தது. எல்லாருக்கும் அவர்மேல் மரியாதை. எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

கிட்டாருக்குள் கரண்டே கிடையாது என்று அவரிடம் விளக்கினேன். நம்மில் எத்தனை பேர் எத்தனை பேரிடம் இதை விளக்கித் தொண்டை வற்றியிருக்கிறோம்! பேரிலேயே எலக்ட்ரிக் இருக்கிறதே என்று பக்கத்திலிருந்த ஒருவர் சொன்னார். ஷாக் ஆம்ப்ளிஃபயர் மாட்டிய பாயிண்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், அதை ஒரு தடவை சோதித்துப் பார்க்க விடுங்கள் என்று கேட்டேன். கிட்டாரையாவது கொடுங்கள், என் சால்டரைப் பார்க்கிறேன் என்றேன். விசாரணை முடியும்வரை அது ஆபீஸ் அறையில் பூட்டியே இருக்கும் என்றார். கோபப்படவில்லை. நியாயமாகத்தான் சொன்னார்: "முப்பது வருஷமா இதே பாயிண்ட்லதான் ஆம்ப்ளிஃபயரெல்லாம் ஓடுதுங்க. இந்த வாரம் புதுசா வந்தது உங்க கிட்டார் மட்டுந்தானுங்க."

காலண்டர் தாள்

செவ்வாய்க்கிழமைக்குள் விஷயம் அருவங்காடு முழுக்கப் பரவிவிட்டது. சுருள் மாற்றக் கொடுத்திருந்த இரண்டு பேர் வேலை முடியாமலே கிட்டாரை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் உள்ளே வரக்கூட இல்லை, வாசலிலேயே நின்று கையை நீட்டினார். நான் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஆல்பர்ட் சார் கிட்டாரின் ஒயர்களை ஞாபகத்திலிருந்து வரைந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். புதன்கிழமை மத்தியானம் பென்சில் ஓரிடத்தில் நின்றது.

விட்டுப்போயிருந்த ஒயர் என்று ரீட்டாவிடம் சொன்னேனே, அது கம்பிகள் வந்து உட்காரும் இரும்புத் தகட்டையும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தையும் இணைக்கிற ஒயர். எந்தக் கிட்டாரிலும் அது இருந்தாக வேண்டும். சார் கிட்டாரில் எப்போதோ அது பிய்ந்துபோயிருந்தது; இரைச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். நான் அதைச் சரியாகத்தான் சேர்த்தேன். ஆனால் ஹால் பாயிண்டின் எர்த்திலேயே கரண்ட் வந்திருந்தால், அது கம்பிவரைக்கும் போய்ச் சேர வழி போட்டுக் கொடுத்ததும் அந்த ஒயர்தான். நான் சேர்க்காமல் விட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சாயந்திரம் வீட்டுக்காரர் வந்ததும் இதைச் சொன்னேன். தீப்பெட்டியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனாலே வேலை போகிற இடத்தில் வேலை பார்க்கிற மனுஷர் அவர். எழுந்து பீரோ மேல் இருந்த கிட்டார்களை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தார். "அந்த வாத்தியார் செத்திருந்தா அவரு பொண்டாட்டி மொகத்துல எப்படி முழிப்பே? இத்தனையும் யாருக்காவது சும்மாவாச்சும் குடுத்துரு சாந்தா."

நாற்பது வாட்

வெள்ளிக்கிழமை ஆல்பர்ட் சாரே போனில் பேசினார். வீட்டுக்கு வந்துவிட்டார். உதட்டில் தையல் போட்டிருந்ததால் வார்த்தைகள் குழறின. "அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு சர்ச்சுல ஒரு கல்யாணம். கோயம்புத்தூர்ல இருந்து பேண்டு வருது. அதே பாயிண்ட்டுங்க."

சனிக்கிழமை காலை ஒரு நாற்பது வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, இரண்டு நீள ஒயர் சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் பின்னாலிருந்து வீட்டுக்காரர் வந்து நின்றார். லீவ் போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "மெயின் சுவிட்சுக்கிட்ட ஒரு ஆள் நிக்கோணுமில்ல," என்று மட்டும் சொன்னார்.

ஹாலில் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒருவர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் பிளக்கைக் கையில் பிடித்திருந்தார். "அதை மட்டும் மாட்டாதீங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். எல்லாரும் திரும்பினார்கள். தேவசகாயம் ஐயா வெள்ளைச் சட்டையில் வேகமாக வந்தார். "அம்மா, இன்னிக்கு வேண்டாங்க. பொண்ணூட்டுக்காரங்க வந்துட்டாங்க." எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கால் பின்னால் போகவில்லை. "ரெண்டே நிமிஷங்க ஐயா. பல்பு எரியலைன்னா என் வேலைதான் தப்பு. அந்தக் கிட்டாரை என் கண்ணு முன்னாலயே ஒடைச்சுப் போட்டுருங்க," என்றேன்.

அவர் ஒதுங்கி நின்றார். ஒயரின் ஒரு நுனியை அந்தப் பாயிண்டின் எர்த் துளைக்குள் செருகினேன். மறு நுனியை, வேறு பாயிண்டில் ஓடுகிற மைக்கின் இரும்பு வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எர்த் சரியாக இருந்தால் பல்பு எரியவே கூடாது. எரியாவிட்டால் என் சால்டரில் எங்கோ நான் பார்க்காத தப்பு இருக்கிறது, ஒரு மனுஷனைச் சாகடிக்கப் பார்த்தவள் நான்தான். வீட்டுக்காரர் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

பூ கட்டியவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் மெயினை அணைத்தார். தேவசகாயம் ஐயா தன் கையாலேயே பாயிண்டின் மூடியைக் கழற்றினார். எர்த்துக்குத் தனி ஒயர் இழுக்காமல், பக்கத்துத் துளையோடு ஒரு சின்னத் துண்டு ஒயரால் சேர்த்திருந்தது. பக்கத்துத் துளையில் கரண்ட் இல்லாத ஒயர் இருந்தவரைக்கும் அது யாருக்கும் தெரியவில்லை. மரம் விழுந்து அறுந்த லைனை வெளியே யாரோ அவசரத்துக்குச் சேர்த்தபோது கரண்ட் ஒயரும் அதுவும் இடம் மாறி, எர்த் துளைக்கே கரண்ட் வந்துவிட்டது. அந்தத் துண்டு ஒயரை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வைத்தது அது. முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "எம் பேத்தியோட கீபோர்டும் இதே பாயிண்ட்லதான் இருந்துச்சுங்க."

கணக்கு வாத்தியார்

அந்தக் கல்யாணம் மைக் இல்லாமல், கிட்டார் இல்லாமல், வெறும் குரலிலேயே நடந்தது. அடுத்த வாரம் தேவசகாயம் ஐயா நின்று புது எர்த் ஒயர் இழுக்க வைத்தார். கிட்டாரை அவரே ஆல்பர்ட் சார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டாராம். எனக்கு ஊரெல்லாம் பாராட்டு. கிட்டாரை வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரரும் தரையில் இறக்கிவைத்ததை மறுபடி பீரோ மேல் ஏற்றினார். ஆனால் நான் சேர்த்த ஒயர்தான் ஷாக்குக்கு வழி விட்டது என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பாராட்ட வருகிறவர்களுக்கு டீ ஆற்றும்போதெல்லாம் அது எனக்கு உறுத்தியது.

இரண்டு வாரம் கழித்து ஆல்பர்ட் சார் வீட்டுக்குப் போனேன். பாதை முழுக்க என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பழைய ஒயர் பிய்ந்தபடியே கிடந்திருந்தால் உங்களுக்கு ஷாக் அடித்திருக்காது சார், அதைச் சேர்த்தது நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ரீட்டா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். ஆல்பர்ட் சார் உதட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, கரும்பலகை முன்னால் நிற்கிறவர் மாதிரி விரலால் மேஜையில் கோடு இழுத்தபடி சொன்னார். "ரெண்டு மைனஸைப் பெருக்கினா பிளஸ்னு பதினஞ்சு வருஷமா பசங்களுக்குச் சொல்லிட்டு வர்றேனுங்க அக்கா. அதுல ஒண்ண மட்டும் சரி பண்ணினா என்ன ஆகும்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ரீட்டா எழுந்து உள்ளே போனாள். ஷாக் அடித்த நாளிலிருந்து அந்தக் கிட்டாரைத் தன் கண்ணில் காட்டக் கூடாது என்று அவள் சொல்லியிருந்ததாக ஆல்பர்ட் சார் முதலிலேயே சொல்லியிருந்தார். திரும்பி வரும்போது கிட்டார்ப் பை அவள் கையில் இருந்தது. அதை அவர் மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட இருக்கற அந்தப் பல்பையும் ஒயரையும் எனக்குக் குடுங்க அக்கா. இனி இவரு எங்க வாசிச்சாலும், முதல்ல நாந்தான் போய் வச்சுப் பாப்பேன்."

சரியாகச் செய்த வேலைக்காகவும் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடக்க வேண்டிவரும் என்பதை, இந்தப் பைத்தியத்தில் புதிதாக வந்து சேருகிறவர்களிடம் நம்மில் யாரும் முதலிலேயே சொல்லித் தொலைப்பதில்லை.